அரைச் சொல்லும் முழுச் சொல்லும்

புதிய சாதனம் ஒன்று உலகத்தில் தோன்றும்போது, அதைப் பற்றி ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று கவனிப்பதில் நமக்கு எப்போதுமே ஆவல் உண்டு. சாதனத்தின் யோக்கியதை மட்டுமல்ல, மனித சுபாவமும் அதிலிருந்து வெளியாகிறது. 'கூகிள் வேவ்' என்பதன் சரித்திரம் இதற்குத் தக்க உதாரணம். பிறந்து மூன்று வருஷம் முடிவதற்குள் மறைந்துபோன அற்பாயுசுக் குழந்தை அது.

2009-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி, அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் கூகிள் கம்பெனியார் நடத்திய மகாநாட்டில் அதை வெளியிட்டார்கள். கூகிள் தேசப்படங்களுக்கு அஸ்திவாரம் போட்ட லார்ஸ் ராஸ்முஸ்ஸன், யென்ஸ் ராஸ்முஸ்ஸன் என்னும் சகோதரர்களே இதற்கும் கர்த்தாக்கள். மின்னஞ்சல் நாற்பது வருஷத்துப் பழமையானதாயிற்றே, அதை இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்தால் எப்படியிருக்கும் என்று அவர்கள் யோசித்தார்கள். கடிதம், சம்பாஷணை, பலர் கூடி எழுதும் பத்திரம் ஆகிய மூன்றும் ஒன்றாய்க் கலந்த சாதனம் உருவாயிற்று. ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம். தாமதமாக வந்தவர், நடந்ததையெல்லாம் ஆதியிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் அதிசயம், ஒருவர் எழுத எழுத அவருடைய எழுத்துக்கள் ஒவ்வொன்றாக எதிராளியின் கண்ணெதிரே தோன்றியதுதான்.

சபையோர் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். சிலர் தங்கள் மடிக்கணினிகளையே தூக்கி ஆட்டினார்களாம்! செப்டம்பர் 30-ந் தேதி ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு அழைப்பு அனுப்பத் தொடங்கியதும், அழைப்பு கிடைக்காதவர்கள் அதை விலை கொடுத்து வாங்கவும் முற்பட்டார்கள்.

ஆனால் உள்ளே சென்றவர்கள் கண்டது என்ன? கல்யாணப் பந்தல் பிரமாதம். பந்துக்கள்தான் ஒருவரையும் காணோம். 2004-ல் ஜிமெயிலுக்கும் இதே கம்பெனியார் அழைப்பு முறையைத்தான் கையாண்டார்கள். அது பலித்ததற்குக் காரணம் உண்டு. ஜிமெயில் பெற்றவர் உலகத்தில் எந்த விலாசத்துக்கும் கடிதம் எழுதலாம். வேவ் பெற்றவரோ வேவ் பெற்ற இன்னொருவருடன்தான் பேச முடியும். பேச ஆளில்லாத இடத்துக்கு இரண்டாம் முறை யார் போவார்கள்? இது எதற்குப் பயன்படும் என்று கேட்டவர்களுக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லை.

நமக்கு முக்கியமாகத் தோன்றும் ஆட்சேபம் வேறு. எழுத்து எழுத்தாகத் தெரிவது பலருக்குக் கூச்சத்தை உண்டாக்கியது. கோபத்தில் ஒரு சொல்லை எழுதிவிட்டு, வேண்டாமென்று அழித்து, பதமான சொல்லைப் போடுகிறோம். கடிதத்தின் பெருமையே அங்கேதான் இருக்கிறது. அழித்த சொல்லையும் எதிராளி படித்துவிட்டாரானால், அழித்ததனால் என்ன லாபம்?

2010-ம் வருஷம் மே மாதம் கதவை எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். ஆயினும் எதிர்பார்த்த அளவுக்கு ஜனங்கள் வரவில்லையென்று ஆகஸ்டு 4-ந் தேதி கம்பெனியாரே கைவிட்டார்கள். 2012-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி விளக்கு அணைந்தது. அப்பாச்சி ஸ்தாபனத்தின் ஆதரவில் நடந்த பிற்கால முயற்சியும் 2018-ல் முடிவுற்றது. அதில் மனமொன்றி வேலை செய்த சிறு கூட்டத்தார் வருந்தினார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானதே. பிறர் வீட்டுத் திண்ணையில் பள்ளிக்கூடம் வைத்தால், வீட்டுக்காரர் கதவைச் சாத்தும் நாளை நாம் நிர்ணயிக்க முடியாதல்லவா?

ஆனால் முயற்சி வீணாயிற்று என்று சொல்வதற்கில்லை. 2010-ம் வருஷம் ஏப்ரல் மாதத்திலேயே கூகிள் டாக்ஸ் என்னும் பத்திரங்களில் எழுத்து எழுத்தாகக் காணும் வசதி வந்துவிட்டது. இன்று எத்தனையோ காரியாலயங்களில் பலர் ஒரே பத்திரத்தில் கூடி எழுதுகிறார்கள், யாரும் கூசுவதில்லை. வாட்ஸாப் முதலிய சம்பாஷணைச் சாதனங்களிலோ, ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்ற அடையாளம் மட்டுமே தெரிகிறது. என்ன எழுதுகிறார் என்பது அவர் அனுப்பும் வரையில் அவருக்கே சொந்தம்.

வேவ் ஒன்றாய்க் கலந்ததை ஜனங்கள் இரண்டாய்ப் பிரித்துக்கொண்டார்கள் என்பதே நம் அபிப்பிராயம். பொதுவான வேலையில் அரைச் சொல்லும் பொதுவாயிருக்கலாம். மனிதருக்கு மனிதர் பேசும்போது முழுச் சொல்தான் வேண்டும். எந்தச் சபையும் கூடி இந்தத் தீர்ப்பைச் சொல்லவில்லை. கோடிக்கணக்கான சாதாரண மனிதர்கள் தங்கள் பழக்கத்தினாலேயே எழுதிய தீர்ப்பு அது. இனி வரும் சாதனங்களைச் செய்கிறவர்கள், மகாநாட்டுக் கரகோஷத்தைக் காட்டிலும் அந்தத் தீர்ப்புக்கு அதிகமாகச் செவி சாய்ப்பார்களாக.