அறத்துக்கும் ஒரு பங்கு

கோவைச் சீமையில் கொடைக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. பள்ளிக் கட்டடம், குடிநீர்க் கிணறு, மருத்துவ விடுதி என்று கொடுத்தவர் பெயர் பொறித்த கற்கள் ஊர்தோறும் நிற்கின்றன. ஆயினும் கொடுக்கும் முறை எது, பெறும் முறை எது என்று நாம் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. ஊர்ச் சங்கங்கள் பல, அறக்கட்டளைகளின் வாயிலில் விண்ணப்பத்துடன் காத்து நிற்கும் இந்நாளில், இதுபற்றி அங்கத்தினர் அனைவரும் எண்ணிப் பார்த்தல் நன்று.

கொடுக்கும் முறைக்கு நம் பீளமேடே சான்று கூறும். 1926-ஆம் ஆண்டில் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடு அவர்களின் குமாரர் நால்வரும் குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தபோது, நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பாகத்தை அறத்துக்கு ஒதுக்கினர். அந்த அறநிலையத்தின் கீழ் 1947-இல் கலைக் கல்லூரியும், 1951-இல் தொழில்நுட்பக் கல்லூரியும் எழுந்தன. இங்கு நாம் கவனிக்க வேண்டியது தொகையின் பெருமையை அன்று. தருமத்தை உடன்பிறந்தான் ஒருவனாகக் கருதி அவனுக்கும் பங்கு வைத்தார்களே, அந்த முறைமையையே கவனிக்க வேண்டும். மிஞ்சினால் கொடுப்போம் என்றிருந்தால், மிஞ்சாத ஆண்டில் அறம் நின்றுபோகும். பங்கு என்று எழுதிவிட்டால் அது நிற்பதில்லை.

இக்கருத்தே பின்னர்ச் சட்டமாகவும் வந்தது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முதன்மை தர வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆனால் இந்தப் பணத்தைப் பெற்றுப் பணி செய்யும் அமைப்புகள், 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசிடம் தனிப் பதிவு பெற்றிருக்க வேண்டும். முறையான கணக்கும் பதிவும் இல்லாத சிற்றூர்க் குழுக்கள் நேரே பெற இயலாது. நகரத்து அறக்கட்டளை ஒன்றின் கைவழியாகவே பெற வேண்டியுள்ளது. ஆகவே கணக்கைச் செம்மையாக வைத்துக்கொள்வதே நம் ஊர் அமைப்புகளின் முதற் கடமை.

இரண்டாவது கடமை இதனினும் பெரிது. 2003-இல் தொடங்கப்பெற்ற ‘சிறுதுளி’ அமைப்பு, தொழில் நிறுவனங்களிடமும் பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டி, நொய்யல் வழிக் குளங்களைச் சீர்ப்படுத்தி வருகிறது. போற்றத்தக்க பணி இது. ஆனால் குளத்தைத் தூர்வாருவது ஒரு முறைச் செலவு. கரையைக் காப்பதும், மதகைப் பழுது பார்ப்பதும், நீர்வரத்து வாய்க்காலில் முட்செடி மண்டாமல் பார்ப்பதும் ஆண்டுதோறும் வரும் செலவு. முன்னதற்குக் கொடுப்போர் கிடைப்பர். பின்னதற்குப் பாசனம் பெறும் உழவரே பொறுப்பு. அவர்கள் தம் பங்காக ஏக்கருக்கு இவ்வளவு என்று வைக்காவிடில், தூர்வாரிய குளம் சில ஆண்டுகளில் பழைய நிலைக்கே திரும்பும்.

நெசவாளராகிய நமக்கு இது புதிதன்று. நம் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில், நெய்பவர் தம் கூலியிலிருந்து ஒரு பங்கு செலுத்திய பிறகே அரசு தன் பங்கைச் சேர்க்கிறது. பாவுக்குக் கஞ்சி போடுவது இழை அறாமல் தறியில் நிற்பதற்காக, கஞ்சியே துணியாகிவிடாது. நன்கொடையும் அத்தகையதே.

அறக்கட்டளையாருக்கும் ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரியும் கட்டடத்துக்கு மட்டும் கொடுத்து, கணக்கெழுதுபவருக்கும் காவலருக்கும் கூலி இல்லை என்றால், அக்கட்டடம் பூட்டியே கிடக்கும். அமைப்பு தன் காலில் நிற்கும் வரை, ஆண்டுக்குச் சிறிது குறைத்துக்கொண்டே மூன்று நான்கு ஆண்டுகள் துணை நிற்பது, ஒரே நாளில் பெருந்தொகை தருவதினும் மேலானது.

இறுதியாக, நாம் பெறுபவர் மட்டும் அல்லேம், கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் சட்டம் (1983) நிகர லாபத்திலிருந்து பொதுநல நிதி ஒதுக்க இடம் தந்துள்ளது. “லாபமே அரிதாயிருக்க, ஒதுக்குவது எங்ஙனம்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் 1844-இல் இங்கிலாந்து நாட்டு ராக்டேல் நகரில் நெசவாளர் முதலிய இருபத்தெட்டுப் பேர் தலைக்கு ஒரு பவுன் போட்டுத் தொடங்கிய சங்கமும் எளியவர் சங்கமே. அவர்கள் பின்னர்த் தம் உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கி, நூலகமும் படிப்பகமும் நடத்தினர். தொகை சிறிதாயினும் வீதம் மாறாமல் ஒதுக்கியதே அவர்கள் பெருமை.

அடுத்த மகாசபையில் லாபப் பங்கீடு பேசப்படும்போது, பொதுநல நிதிக்கு எவ்வளவு, அது ஊரின் எந்த அமைப்புக்கு என்று ஒவ்வோர் அங்கத்தினரும் எழுந்து கேட்பாராக. பீளமேட்டுச் சகோதரர் தம் இல்லத்தில் செய்ததை நாம் நம் சங்கத்தில் செய்யலாகாதா?