வாத்துகளை எண்ணும் விமானம்

காட்டு வாத்துகளை எண்ணுவது உயிரைப் பணயம் வைக்கும் தொழிலாக இருந்திருக்கிறது என்றால் நம்புவது கடினம். வட அமெரிக்காவில் 1955இல் தொடங்கிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில், ஆய்வாளர்கள் சிறு விமானங்களில் சதுப்பு நிலங்களின் மேல் தாழப் பறந்தே எண்ணி வந்துள்ளனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1937 முதல் 2000 வரை பணியின்போது இறந்த 91 வனவுயிர்ப் பணியாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வான் விபத்துகளில் மாண்டவர்கள். ஆளில்லாமல் பறக்கும் ட்ரோனை நாம் வரவேற்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் அருகே கடற்கரையில் ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் வாத்துகளைப் பரப்பி ஒரு சோதனை நடத்தினார்கள். உண்மை எண்ணிக்கை முன்பே தெரியும் என்பதுதான் அதன் நுட்பம். தரையில் நின்று எண்ணிய அனுபவசாலிகளின் கணக்கைவிட ட்ரோன் படங்களைக் கொண்டு எண்ணிய கணக்கு 43 முதல் 96 விழுக்காடு துல்லியமாக இருந்ததாக 2018இல் அறிவித்தனர்.

ஆனால் பிளாஸ்டிக் வாத்து அஞ்சுவதில்லை. பிரான்சில் வாத்து, பூநாரை, பச்சைக்காலி ஆகியவற்றிடம் ட்ரோனைச் செலுத்திப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், பெரும்பாலான முறை நான்கு மீட்டர் வரை நெருங்கியும் பறவைகள் கலையவில்லை. தலைக்கு நேர்மேலிருந்து இறங்கியபோதுதான் அதிகம் மிரண்டன. வேட்டைப் பறவை வரும் திசை அதுவல்லவா! கலையாமல் இருப்பதும் அஞ்சாமை ஆகிவிடாது. அதே ஆண்டு மினசோட்டாவில் ட்ரோன் நெருங்கியபோது பெரும்பாலும் இடம்விட்டு நகராத கரடிகளின் இதயத்துடிப்பு எகிறியிருந்தது.

2021இல் கலிபோர்னியாவின் போல்சா சிகா சரணாலயத்தில் ஒரு ட்ரோன் விழுந்ததும், சுமார் மூவாயிரம் ஆலாக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைக் கைவிட்டு அகன்றன. அது கணக்கெடுக்க வந்த கருவியன்று. தடையை மீறிப் பறந்தது. எனினும் விழும் கருவியின் நோக்கத்தைப் பறவை அறியுமா?

முன்பு தவறு நேர்ந்தால் எண்ணியவனின் உயிரும் போயிற்று. இப்போது அவனுக்கு இழப்பு ஒரு கருவி மட்டுமே. ஆபத்தின் பெரும்பங்கு கூட்டுக்கு மாறிவிட்டது. தொலைவிலிருந்து ஏவுதல், சரிவாக நெருங்குதல், இனத்துக்கேற்ற இடைவெளி காத்தல் ஆகியவை இன்று பரிந்துரைகளாகவே பேசப்படுகின்றன. அவை கண்டிப்பான விதிகளாக வேண்டும். எத்தனை பறவைகளை எண்ணினோம் என்பதோடு எத்தனை பறவைகளைக் கலைத்தோம் என்பதையும் ஒவ்வொரு அறிக்கையும் சொல்ல வேண்டும். இரண்டாவது எண் இல்லாத கணக்கை முழுக்கணக்காக ஏற்க நாம் தயாரில்லை.