'வேற லோன் இருக்கா?' - உண்மையைச் சொல்லு மாமு!



போன வாரம் முழுக்க ஹாஸ்டல் மெஸ் பில்லைப் பத்திப் புலம்பியாச்சு. இந்த வாரம் கொஞ்சம் பெரிய பில். ஹவுஸிங் லோன்! 'ஏய், எங்களுக்கே அரியர் க்ளியர் ஆகலை, இதுல வீடு வேறயா?'ன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உங்க வீட்டுல யாராவது வீட்டுக் கடனுக்கு அலைஞ்சா, அதுல உங்க பேரும் கண்டிப்பா வரும். எங்க வீட்டுல வந்துச்சு. அதுவும் ரெண்டு தடவை!

எங்க அண்ணனுக்கு 29 வயசு. மில்லுல வேலை. அப்பா ரிடையர்டு ஆனதுல இருந்து வீட்டை இழுக்கிறது அண்ணன்தான். போன வருஷம் ஊருக்கு வெளியே ஒரு வீடு பார்த்தாங்க. அம்மா அதுக்குள்ள பூஜை ரூம் எங்கேங்கிற வரைக்கும் ஃபிக்ஸ் பண்ணிட்டாங்க. லோனுக்கு ஒரு ஏஜென்ட் வந்தார். ஃபாரத்தை நிரப்பும்போது அவர் சொன்ன ஒரே அட்வைஸ்... "தம்பி, 'வேறு கடன்கள்'னு ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியா விட்டுடுங்க. எழுதினா லோன் குறையும்."

அண்ணனும் விட்டுட்டான். வாழ்க்கையில ஒரு பரீட்சையில கூட பிட் அடிக்காத ஆளு!

பத்து நாள் கழிச்சு பேங்க்ல கூப்பிட்டாங்க. லீவுல இருந்ததால நானும் கூடப் போனேன். மேனேஜர் மேடம் திட்டலை. கத்தலை. கம்ப்யூட்டர் மானிட்டரை மெதுவா எங்க பக்கம் திருப்பினாங்க. "சார், நீங்க ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இதுல அஞ்சு இருக்கே?"

ஒண்ணு, பைக் லோன். ரெண்டு, அப்பா ஆபரேஷனுக்கு வாங்கின பெர்சனல் லோன். மூணு, ஒரு செல்போன் லோன். நாலு, ஒரு எஜுகேஷன் லோன். அஞ்சு, கூட வேலை பார்க்கிறவருக்கு ஜாமீன் கையெழுத்து.

அந்த மூணும் நாலும் யாரோடதுன்னு நினைக்கிறீங்க? ஐயாவோடதுதான்! நான் அடம்பிடிச்சு வாங்கின போன். நான் படிக்கிற இன்ஜினீயரிங். அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அதுதான் ரொம்ப வலிச்சுது.

அவங்களுக்கு எப்படித் தெரியும்?

சிம்பிள். நீங்க வாங்குற ஒவ்வொரு கடனும் ஒரு ஜாதகத்துல ஏறுது பாஸ்! நாம பொதுவா 'சிபில்'னு சொல்றோம். 2000-ல ஆரம்பிச்ச நிறுவனம் அது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க்னு இன்னும் மூணு பேரும் இதே வேலையைத்தான் பண்றாங்க. பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனி, கிரெடிட் கார்டு எல்லாரும் உங்க பாக்கி எவ்வளவு, இ.எம்.ஐ. ஒழுங்கா வருதான்னு இவங்ககிட்ட ஒப்பிச்சிடுவாங்க. முன்னாடி மாசத்துக்கு ஒருமுறைதான் ஒப்பிக்கணும். 2025 ஜனவரியில அதைக் குறைஞ்சது 15 நாளைக்கு ஒருமுறைன்னு மாத்தினாங்க. இதை வெச்சு 300-ல இருந்து 900 வரைக்கும் ஒரு மார்க் போடுறாங்க.

கவனிங்க... கடன் வாங்கினவர் பேர்ல மட்டும் இல்லை. கூட்டுக் கடன்தாரர், ஜாமீன் போட்டவர் ஜாதகத்துலயும் அதே கடன் உட்கார்ந்துக்கும். எஜுகேஷன் லோன்ல உங்க கூட அப்பாவோ, அம்மாவோ, அண்ணனோ கையெழுத்துப் போட்டிருந்தா, அது அவங்க கடனும்தான். 'அது பையனோட லோன் சார்'னு தப்பிக்க முடியாது. 'இப்ப வாங்கு, அப்புறம் கட்டு'ன்னு ஆப்ல க்ளிக் பண்ணி ஷூ வாங்குறீங்களே, அதுகூடப் பல சமயம் கடனாத்தான் பதிவாகுது.

மறைச்சா மாட்டிக்கிறது மட்டுமா பிரச்னை?

'மாட்டாம இருந்திருந்தா?'ன்னு நான் கேட்டேன். வீடு திரும்புற பஸ்ல! அண்ணன் பதில் சொல்லாம என் போனையே வாங்கி, கால்குலேட்டர்ல போட்டுக் காட்டினான். கணக்கு ஈஸியா இருக்க ரவுண்டு பண்ணிச் சொல்றேன்.

கைக்கு வர்ற சம்பளம் 50,000. பேங்க்ல பொதுவா 40-ல இருந்து 50 சதவீதம் வரைக்கும்தான் எல்லா இ.எம்.ஐ.க்கும் சேர்த்து விடுவாங்க. இது பேங்க்குக்கு பேங்க், சம்பளத்துக்குச் சம்பளம் மாறும். 50 சதவீதம்னே வெச்சுக்கலாம். 25,000 ரூபாய். வட்டி 9 சதவீதம், 20 வருஷம்னா ஒரு லட்சத்துக்கு மாசம் சுமார் 900 ரூபாய் இ.எம்.ஐ. கடனே இல்லைன்னு சொன்னா 27 லட்சத்துக்கு மேல கிடைக்கும்.

இப்ப உண்மை. பைக் 3,500. பெர்சனல் லோன் 6,000. என் போன் 1,500. மொத்தம் 11,000 போச்சு. மிச்சம் 14,000-க்கு கிடைக்கிறது பதினஞ்சரை லட்சம்தான்.

ஆக, அந்த ஒரு காலிக் கட்டத்தோட விலை 12 லட்சம்! ஏஜென்ட் சொன்னது கரெக்ட்தானேன்னு தோணுதுல்ல? இருங்க. பொய் ஜெயிச்சு 27 லட்சமும் கிடைச்சுடுச்சுன்னு வைங்க. புது இ.எம்.ஐ. 25,000. பழசு 11,000. மொத்தம் 36,000. கையில நிக்கிறது 14,000. இதுல அரிசி, கேஸ், கரன்ட் பில், அப்பா மாத்திரை, என் பஸ் பாஸ்! நான் படிப்பை முடிச்சு ஒரு வருஷத்துல எஜுகேஷன் லோனும் வந்து நிக்கும். 4 லட்சம், 10 சதவீதம், 10 வருஷம்னா மாசம் 5,300 கிட்ட. அதுவும் படிக்கிற காலத்து வட்டியைச் சேர்க்காம!

"பேங்க்கை ஏமாத்துறதா நினைச்சு நம்ம வீட்டு ரேஷன் கார்டை ஏமாத்தியிருப்போம்டா"ன்னான் அண்ணன்.

சட்டமும் சும்மா விடாது. கடன் ஒப்பந்தத்துல 'கொடுத்த தகவல் பொய்யா இருந்தா மொத்தக் கடனையும் உடனே திருப்பிக் கேட்கலாம்'கிற மாதிரி ஷரத்து வழக்கமா இருக்கும். வேணும்னே ஏமாத்தினதா நிரூபணம் ஆனா, மோசடி கேஸ் வரைக்கும் போகலாம். 2024 ஜூலைக்கு முன்னாடி அதுக்குப் பேர் சினிமால அடிக்கடி வர்ற 420. இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல 318. நம்பர் மாறினா என்ன, விஷயம் அதேதான்!

அப்புறம் என்னாச்சு?

அந்த லோன் ரிஜெக்ட். பார்த்த வீடும் கைவிட்டுப் போச்சு. அம்மா ஒரு வாரம் யார்கிட்டயும் பேசலை. ஆனா, வெளியே வர்றப்போ மேனேஜர் மேடம் ஒண்ணு சொன்னாங்க. "சின்னக் கடனை முதல்ல முடிச்சுட்டு, எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டு வாங்க சார்."

யோசிச்சுப் பாருங்க... என் போனுக்கு பாக்கி நாலே தவணை, 6,000 ரூபாய். அதை அடைச்சா மாசம் 1,500 ஃப்ரீ. கடன் தகுதி ஒன்றரை லட்சத்துக்கு மேல ஏறுது! போனை நான் பார்ட் டைம் டியூஷன் எடுத்து அடைச்சேன். (தம்பட்டம் அடிச்சுக்கலை... நான் போட்ட ஓட்டை, நானே அடைக்கிறது நியாயம்தானே!) பெர்சனல் லோன் பத்து மாசத்துல முடிஞ்சது. ரெண்டுக்கும் 'நோ ட்யூ' சர்ட்டிஃபிகேட் வாங்கினோம்.

மறுபடி அதே பேங்க். அதே ஃபாரம். இந்தத் தடவை கட்டம் பத்தாம பின்பக்கம் வரைக்கும் எழுதினான் அண்ணன். எழுதிட்டுப் பேனாவை மூடப் போனவன், திரும்பத் திறந்தான். சித்தப்பாகிட்ட வாங்கின ஒன்றரை லட்சம் கைமாத்து! பேப்பர் கிடையாது, சாட்சி கிடையாது, எந்த சிபில்லயும் வராது. "இதையுமாடா எழுதணும்?"னு கேட்டேன். "சித்தப்பா நம்மகிட்ட பேப்பர் கேட்காததால அது கடன் இல்லைன்னு ஆயிடுமா?"ன்னான். நான் கப்சிப்.

மேடம் படிச்சாங்க. "இதுக்கு மாசம் எவ்வளவு தர்றீங்க?" "மாசம் இல்லைங்க மேடம். தீபாவளி போனஸ் வந்தா தருவேன்." குறிச்சுக்கிட்டாங்க. பைக்கையும், நாளைக்கு வரப்போற என் எஜுகேஷன் லோன் தவணையையும் கழிச்சு, 18 லட்சம் சாங்ஷன் ஆச்சு. முதல்ல பார்த்த வீடு அதுக்கு வரலை. இப்ப வாங்கியிருக்கிறது ஒரே பெட்ரூம். பூஜை ரூம் இல்லை, ஒரு அலமாரிதான். மெயின் ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடக்கணும். ஆனா, ஒண்ணாம் தேதி வந்தா யாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிறதில்லை.

நீங்க இப்பவே பண்ண வேண்டியது:

* ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாத் தரணும். அவங்க வெப்சைட்ல எடுங்க. நீங்களே பார்த்தா மார்க் குறையாது.

* தப்பு இருந்தா புகார் கொடுங்க. 30 நாளுக்குள்ள சரிபண்ணணும். தாண்டினா ஒரு நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உங்களுக்கு!

* முடிச்ச கடன் 'க்ளோஸ்டு'ன்னு இருக்கணும். 'செட்டில்டு'ன்னு இருந்தா பேரம் பேசிக் குறைச்சுக் கட்டியிருக்கீங்கன்னு அர்த்தம். பேங்க் முகம் சுளிக்கும்.

* முன்கூட்டியே அடைக்கிறதுக்கு முன்னாடி, அதுக்குக் கட்டணம் உண்டான்னு கேட்டுக்கங்க.

* நண்பேன்டான்னு ஜாமீன் கையெழுத்துப் போடும் முன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசிங்க.

* முக்கியமா, வீட்டுல யாராவது லோனுக்கு அலைஞ்சா, உங்க பேர்ல, உங்களுக்காக என்னென்ன கடன் இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க. வீட்டுக்குத் தெரியாம ஆப்ல வாங்கினதையும் சேர்த்து! திட்டு விழும். வாங்கிக்கங்க. பேங்க் மானிட்டர்ல அவங்க அதைப் பார்க்கிறதைவிட உங்க வாயால கேட்கிறது எவ்வளவோ மேல்.

ஓகே மக்களே, அடுத்த வாரம் மீட் பண்ணலாம். அதுவரைக்கும், 'இப்ப வாங்கு, அப்புறம் கட்டு' பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி உங்க அண்ணன் முகத்தை ஒரு தடவை நினைச்சுக்கங்க. டாட்டா!