அடுத்த பாட்டை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

யூடியூபில் ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது வரிசையில் வந்து நிற்கிறது. நம் ரசனையை அறிந்தே பரிந்துரைப்பதாக நிறுவனங்கள் சொல்கின்றன. அந்த ரசனையை உருவாக்குவதிலும் பரிந்துரைக்குப் பங்கு உண்டு. சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு அதற்குச் சான்று. பிரபலமாகாத குழுக்களின் 48 பாடல்களைச் சுமார் 14,000 பேர் இணையத்தில் கேட்டார்கள். ஒரு சாராருக்குப் பாட்டும் குழுவின் பெயரும் மட்டுமே தெரியும். மற்றவர்கள் எட்டுக் கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். தம் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதும் அவர்களுக்குக் காட்டப்பட்டது. தனித்துக் கேட்டவர்களிடம் 26ஆம் இடம் பெற்ற 'லாக்டவுன்' என்ற பாட்டு, ஒரு கூட்டத்தில் முதலிடத்துக்கு வந்தது. இன்னொன்றில் 40ஆம் இடத்துக்குப் போனது. பாட்டு அதேதான். மிகச் சிறந்தவை அநேகமாகத் தோற்கவில்லை, மிக மோசமானவை அநேகமாக ஜெயிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இடைப்பட்டவற்றின் தலையெழுத்தைத்தான் அந்த எண்கள் மாற்றின. நாம் கேட்பதில் பெரும்பகுதி இடைப்பட்டதுதான்.

இலங்கை வானொலியும் நம் காதுகளைப் பழக்கவில்லையா என்று கேட்கலாம். பழக்கியது. ஆனால், அது எல்லோருக்கும் ஒரே பாட்டைப் போட்டது. பிடிக்காதவர்கள் கூடிப் பேசவும் குறை சொல்லவும் முடிந்தது. இன்று ஆளுக்கொரு திரை. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வருகிறது என்பதே நமக்குத் தெரியாது. காட்டியதைத் தொடுகிறோம், தொட்டது விருப்பமாகப் பதிவாகிறது, அதைப் போன்றதே மறுபடி வருகிறது. பிடிக்காததைத் தள்ளிவிட நம் விரலுக்கு உரிமை இருக்கிறது, உண்மை. கண்ணில் படாததை எந்த விரல் தொடும்? பெயர் தெரியாத கலைஞர்களுக்குப் பரிந்துரையால் ரசிகர்கள் கிடைப்பதையும் மறுக்கவில்லை. ஆனாலும், ஸ்பாட்டிஃபை ஆய்வாளர்களே 2020இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அல்காரிதம் வழியாகக் கேட்பவர்களின் தேர்வில் பன்முகம் குறைவு. காலப்போக்கில் ரசனை விரிந்தவர்கள் பரிந்துரையை விட்டுத் தாமே தேடிக் கேட்கும் பக்கம் நகர்ந்திருந்தார்கள்.

அல்காரிதத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. கோடிக்கணக்கான காணொளிகளுக்கு நடுவே ஏதாவது ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசையை மாற்றும் உரிமைதான் கேட்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 4.5 கோடிப் பயனர்களைத் தொட்ட தளங்கள், பயனரின் பழக்கவழக்கத்தைக் கணக்கில் எடுக்காத ஒரு வரிசையையாவது தர வேண்டும் என்கிறது அங்குள்ள டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவு. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இணையான பிரிவு இல்லை. நாடாளுமன்றம் அதைச் சேர்க்க வேண்டும். அந்த வரிசைக்கு மாறும் பொத்தான் அமைப்புகளின் அடியாழத்தில் புதைந்து கிடக்காமல் முகப்பிலேயே இருக்க வேண்டும் என்றும் எழுதிவைக்க வேண்டும்.