நாலாவது ஸ்கோர்

எங்கள் அடுக்ககத்தில் கீழ் வீட்டுப் பையனுக்கு வயது பதினாலு. பெங்களூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான கோல்ஃப் அணிப் போட்டிக்குப் போய்விட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பினான். லிப்டில் பார்த்து, "என்னப்பா, ஜெயிச்சீங்களா?" என்று கேட்டேன். "மூணாவது வந்தோம் தாத்தா. ஆனா என் ஸ்கோர் கணக்குலயே வரல" என்றான். முகம் சுண்டிப் போயிருந்தது. அவன் அம்மா, "இனிமே டீம் மேட்சுக்கே அனுப்பப் போறதில்ல சார். இவ்வளவு செலவு பண்றது யாரோ பேர் வாங்கறதுக்கா?" என்றார்.

அந்த அம்மா சொன்னது சரியில்லை என்று எனக்குப் பட்டது. இரண்டாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் அதைச் சொல்லி முடிக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

"கோல்ஃபைப் பற்றி உனக்கென்ன தெரியும்?" என்று பழைய சகாக்கள் சிரிப்பது கேட்கிறது. ஆடியதில்லை, உண்மைதான். ஆனால் வேலையில் இருந்த காலத்தில், கம்பெனிக்கு வந்த ஜப்பானியர்களைச் சனிக்கிழமைகளில் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் மைதானங்களுக்கு அழைத்துப் போய், நாலு மணி நேரம் அவர்கள் பின்னாலேயே நடந்தவன் நான். அந்த அளவுக்குத் தெரியும்.

கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவரே கெட்டிக்காரர். அணிப் போட்டியில் நாலு பேர் ஆடுவார்கள். ஒவ்வொரு நாளும் சிறந்த மூன்று ஸ்கோர்களை மட்டும் கூட்டுவார்கள், நாலாவது கழிந்துவிடும். ஆசிய விளையாட்டில் ஆண்கள் அணிக்கு இதுதான் முறை. ஜப்பானில் 1992இல் தொடங்கிய, 18 வயதுக்குட்பட்டோருக்கான டொயோட்டா ஜூனியர் உலகக் கோப்பையிலும் பையன்களுக்கு இதே கணக்குதான்.

கழிந்த ஸ்கோர் என்றால் வீண் என்று நினைக்கிறோம். நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் வண்டித் தொழிலில் இருந்தவர்கள், அதனால் உடனே ஸ்டெப்னி ஞாபகம் வரும். ஆனால் ஸ்டெப்னி டிக்கியில் படுத்துக்கொண்டு வருகிறது. இந்தப் பையனோ பதினெட்டுக் குழியும் வெயிலில் நடந்து ஆடியிருக்கிறான். யாருடைய ஸ்கோர் கழியும் என்பது மாலை வரை யாருக்கும் தெரியாது. இந்த ஆட்டத்தில் அட்டையில் ஒரு குழிக்கு ஓரடி குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், தெரியாமல் செய்திருந்தாலும் அந்தச் சுற்றே போச்சு. அணியின் முதல் ஆட்டக்காரனுக்கு அது நேர்ந்தால், கழிய வேண்டிய ஸ்கோர்தான் அணியைத் தூக்கி நிறுத்தும்.

2006 தோஹா ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணி வெள்ளி வாங்கியது. ககன்ஜீத் புல்லர், அனிர்பன் லாஹிரி, சிராக் குமார், ஜோசப் சாக்கோலா. புல்லருக்கு அப்போது 18 வயது, லாஹிரிக்கு 19. எந்த நாளில் யாருடைய ஸ்கோர் கழிந்தது என்று இன்று யார் கேட்கிறார்கள்? நாலு பேர் கழுத்திலும் பதக்கம் தொங்கியது.

அதே லாஹிரி 2015இல் கொரியாவில் பிரசிடென்ட்ஸ் கோப்பை ஆடினார். அமெரிக்காவுக்கு எதிராக, ஐரோப்பா நீங்கலாக மற்ற நாட்டார் சேர்ந்த அணி. தனி ஆட்டத்தின் கடைசிக் குழியில், சுமார் நாலடி தூரத்தில் இருந்து பந்தை உள்ளே தள்ள வேண்டும். தவறிவிட்டது. அணி 15½க்கு 14½ என்று தோற்றது. அதற்குப் பிறகும் அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார். தன்னால் பதினோரு பேருக்கு நஷ்டம் என்ற அந்தக் கனத்தை முதல்முதலாக இருபத்தெட்டு வயதில் சுமப்பதைவிட, பதினாலு வயதில் பள்ளி அணியில் கொஞ்சமாகச் சுமந்து பழகுவது நல்லதில்லையா?

"அதிதி அசோக் தனியாத்தானே ஆடி ஒலிம்பிக்ல நாலாவது வந்தாங்க?" என்று கீழ் வீட்டு அம்மா கேட்கக்கூடும். தனியாகத்தான் ஆடினார். ஆனால் ரியோவில் அவர் அப்பா பை தூக்கினார், டோக்கியோவில் அம்மா.

பை தூக்குவது என்றதும் எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. சொல்லப்போனால், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். பை தூக்குபவரை அங்கே கேடி என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். முதல் நாள் கேட்டபோது நான் திடுக்கிட்டேன். பல கிளப்புகளில் திங்கட்கிழமை உறுப்பினர்கள் வரமாட்டார்கள், அன்று மட்டும் கேடிகள் ஆடிக்கொள்ளலாம் என்பது வழக்கம். சின்னசாமி முனியப்பா பெங்களூரில் கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் மைதானத்தில் கேடியாக இருந்தவர். 2009இல் இந்தியன் ஓபனையே ஜெயித்தார். பிடதிப் பக்கத்துக் கிராமத்துப் பையன் சிக்கரங்கப்பா, ஈகிள்டன் மைதானத்தில் ஆடிக் கற்று மேலே வந்தவர். நம் ஓசூர்ப் பக்கத்திலும் குளோவர் கிரீன்ஸ் இருக்கிறது. இப்படிப்பட்ட மைதானங்களைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு முறையாவது மட்டையைக் கையில் பிடித்திருப்பார்கள்?

தனி ஆட்டமாகவே இருந்தால் அவர்களுக்கு வழி இல்லை. மட்டை, ஷூ, பயிற்சியாளர், மைதானக் கட்டணம், பெங்களூருக்கு வண்டி எல்லாமே தலைக்குத் தலை செலவு. அணி என்றால் ஒரே வேனில் நாலு பேர் போகலாம், ஒரே பயிற்சியாளர் போதும், மட்டையைக்கூட மாற்றி மாற்றிப் பழகலாம். நான் கேட்பது ஒன்றுதான். இந்தப் பக்கத்துப் பள்ளிகளோ கம்பெனிகளோ பிள்ளைகள் அணி அனுப்பினால், நாலு பேரில் ஒருவர் சுற்றுவட்டார அரசுப் பள்ளி மாணவராகவோ, மைதானத்தில் புல் வெட்டுபவரின் மகனாகவோ மகளாகவோ இருக்கட்டும். தருமத்துக்குக் கொடுக்கும் இடம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பிள்ளையின் ஸ்கோர் கணக்கில் வந்து, பணம் கட்டியவர் பிள்ளையுடையது கழிந்த நாளில்தான் இதன் ருசி தெரியும்.

கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் பொங்குவதைப் பார்க்கிற ஊரில் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றி விளையாட்டா என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், எனக்கும் அது உறுத்துகிறது. புது மைதானம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே இருப்பதில் யாரெல்லாம் ஆடலாம் என்பதுதான் என் பேச்சு.

அடுத்த அணிப் போட்டி பள்ளி விடுமுறையில் வருகிறதாம். இதை அச்செடுத்துக் கீழ் வீட்டு அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். கோபித்துக்கொண்டால், கொஞ்ச நாளைக்கு லிப்டை விட்டுவிட்டுப் படியேறிப் போக வேண்டியதுதான். முழங்கால்தான் பாவம்.