இறங்கி நடத்தல்

நியூயார்க் என்ற பெயரைக் கேட்டவுடன் மன்ஹாட்டன் தீவின் வானளாவிய மாடங்களே பலருடைய மனக்கண்ணில் தோன்றும். ஆயினும் அம்மாநகரம் அத்தீவோடு முடிந்துவிடுவதன்று. அது ஐந்து பெரும்பிரிவுகளைக் கொண்டது. அவற்றுள் பரப்பால் மிகப் பெரியது, ஈஸ்ட் ஆற்றின் கீழ்க்கரையில் விரிந்து கிடக்கும் குவீன்ஸ் ஆகும். 1898-ஆம் ஆண்டில் நியூயார்க்கோடு இணைக்கப்பெற்ற இப்பிரிவில், 2020-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி 24 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அமெரிக்காவிற்கு வெளியே பிறந்தவர்கள். நகர எல்லைக்குள் அமைந்த இரு பெரிய வானூர்தி நிலையங்களும் குவீன்ஸிலேயே உள்ளன. ஆதலின் அயல்நாட்டிலிருந்து வருவோர் பலர் முதலில் மிதிப்பது இம்மண்ணையே. மிதித்தவுடன் இதைக் கடந்து மன்ஹாட்டனுக்கு விரைந்துவிடுவதும் அவர்கள் வழக்கமே.

நியூயார்க் வட்டாரத்தில் 700-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன என்று மொழியாராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் மிகப் பலவற்றை ஒருசேரக் கேட்கும் இடம் குவீன்ஸே என்பர். இதனால் குவீன்ஸை ஓர் உலகக் கண்காட்சி என்று புகழ்வோர் பலர். அப்புகழ்ச்சியில் உண்மை உண்டு. எனினும் குறையும் உண்டு. கண்காட்சியில் உள்ள பொருள்கள் பார்ப்பவருக்காக வைக்கப்பட்டவை. குவீன்ஸின் மக்களோ யாருடைய பார்வைக்காகவும் அங்கே வாழவில்லை. அவர்கள் பிழைப்பதற்காக வந்தவர்கள், வாடகை கொடுப்பவர்கள், விடியுமுன் எழுந்து வேலைக்குச் செல்பவர்கள். அவர்களைக் காட்சிப் பொருளாகக் காண்பதா, அயல்வீட்டாராகக் காண்பதா என்பது காண்பவர் செல்லும் முறையைப் பொறுத்தது.

செல்லும் முறை இரண்டு. ஒன்று இரயில், மற்றொன்று நடை. இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

குவீன்ஸைக் காண ஏற்றது ஏழாம் எண் இரயில். மன்ஹாட்டனின் மேற்கு ஓரத்தில் நிலத்தடியில் புறப்படும் அவ்வண்டி, ஆற்றின் அடியில் குடைந்த சுரங்கத்தின் வழியே குவீன்ஸை அடைகிறது. அடைந்த சிறிது தொலைவில் மேலெழுந்து, தூண்களின்மீது அமைந்த பாதையில், இரண்டாம் மாடிச் சாளரங்களுக்கு நேராகச் செல்கிறது. 22 நிலையங்களைக் கொண்ட இப்பாதை ஃபிளஷிங் என்னும் ஊரில், மீண்டும் நிலத்தடியில் இறங்கி முடிகிறது. பல நாட்டவர் ஏறி இறங்குவதால், 'உலகப் பெருவண்டி' என்னும் பொருள்படும் செல்லப்பெயர் இதற்கு வழங்குகிறது.

இவ்வண்டியே குவீன்ஸை ஆக்கியது என்றாலும் மிகையாகாது. ஆற்றைக் கடந்து இரயில் முதன்முதல் ஓடியது 1915-இல்; பாதை கொரோனா என்னும் பகுதியை எட்டியது 1917-இல்; ஃபிளஷிங்கை அடைந்தது 1928-இல். பாதை இடப்பட்டபோது அதன் இருமருங்கும் பெரும்பாலும் வயல்களும் வெற்றுநிலமுமாகவே இருந்தன. இரயில் வந்த பின்னரே வீடுகள் வந்தன. 1904 முதல் 1948 வரை நியூயார்க்கின் சுரங்க இரயிலில் கட்டணம் ஐந்து சென்டு மட்டுமே. தொலைவு எதுவாயினும் கட்டணம் ஒன்றே என்னும் முறை இன்றும் நீடிக்கிறது. நகரின் நெருக்கத்தில் மூச்சுத் திணறிய தொழிலாளர் குடும்பங்கள் வெளிச்சமும் காற்றும் உள்ள இல்லங்களை நாடிக் குவீன்ஸுக்குப் பெயர இதுவும் ஒரு காரணம். ஒரு நகரில் யார் எங்கே வாழலாம் என்பதைச் சட்டமும் பணமும் மட்டும் முடிவு செய்வதில்லை. பயணச்சீட்டின் விலையும் முடிவு செய்கிறது. குவீன்ஸின் கிழக்குப் பாதியின் பெரும்பகுதியில் சுரங்க இரயில் இல்லை. அங்கு வாழ்வோர் பேருந்துக்குக் காத்து நின்று, பின்னர் இரயிலுக்கு மாறித் தம் காலத்தை இழக்கின்றனர்.

இவ்வண்டியிலும் இருவகை உண்டு. ஒன்று எல்லா நிலையங்களிலும் நிற்பது. மற்றொன்று வேலைநேரங்களில் மட்டும் ஓடும் விரைவு வண்டி. விரைவு வண்டி 74-ஆம் தெரு நிலையத்தில் நிற்பதில்லை. குவீன்ஸில் இறங்கி நடக்கத்தக்க இடங்களுள் தலையாயது அந்நிலையமே என்பதை எண்ணும்போது, விரைவு எதை ஈந்து எதைப் பறிக்கிறது என்பது விளங்கும்.

அந்நிலையத்தின் படிகளில் இறங்கினால் ஜாக்சன் ஹைட்ஸ். 74-ஆம் தெருவில் சேலைக் கடைகளும் பொன்நகைக் கடைகளும் மளிகைக் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. அடுத்த தெருவில் வங்காள எழுத்துகள் பெயர்ப்பலகைகளை நிறைக்கின்றன. வெற்றிலை மடித்துத் தரும் கடையும் உண்டு. சில அடி நடந்தால் திபெத்தியரும் நேபாளியரும் ஆவியில் வேகவைத்த மோமோவை விற்கின்றனர். இரயில் பாதையின் கீழே செல்லும் ரூஸ்வெல்ட் நெடுஞ்சாலையிலோ ஸ்பானிய மொழியே ஓங்கி ஒலிக்கிறது. மெக்சிகோ, எக்குவடார், கொலம்பியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் தள்ளுவண்டிகளில் சோளமாவுப் பண்டங்களை விற்கின்றனர். தலைக்கு மேல் வண்டி ஓடும்போது பேச்சு நின்றுவிடும். வண்டி கடந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சுத் தொடரும். தண்டவாளக் கட்டைகளின் இடையே புகும் வெயில் சாலையின்மீது கோடு கோடாக விழுகிறது. இவை எவையும் வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரியா.

இத்துணைக் கலப்பும் இயல்பாக விளைந்தது என்று எண்ணுதல் பிழை. ஜாக்சன் ஹைட்ஸ் 1910-களில் ஒரு நிறுவனத்தால் திட்டமிட்டுக் கட்டப்பட்ட குடியிருப்பு. நடுவே பூந்தோட்டமும் சுற்றிலும் மாடி வீடுகளுமாக அமைந்த அதன் அழகு இன்றும் கண்ணைக் கவர்கிறது. ஆனால் அவ்வழகிய வாயில்கள் எல்லாருக்கும் திறக்கவில்லை. யூதருக்கும் கறுப்பு இனத்தவருக்கும் அங்கே இடமில்லை என்று ஒதுக்கிவைத்தே அக்குடியிருப்பு நடத்தப்பட்டது. நாட்டின் வாயிலும் அவ்வாறே இருந்தது. 1924-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தேறுவோரின் எண்ணிக்கையைப் பிறந்த நாட்டின்படி வரையறுத்து, ஆசிய மக்களுக்கு ஏறக்குறைய முற்றிலும் கதவடைத்தது. 1965-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே அம்முறையை நீக்கியது. இன்று 74-ஆம் தெருவில் காணும் கடைகளுள் பெரும்பாலானவை அச்சட்டத்திற்குப் பின் தோன்றியவை. பிறரை விலக்குவதற்கென்று எழுப்பிய சுவர்களுக்குள்ளே, விலக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று தோட்டத்தைப் பார்த்தபடி பாடம் படிக்கின்றனர்.

ரூஸ்வெல்ட் சாலையோடு கிழக்கே நடந்தால் கொரோனா வரும். நோயின் பெயரால் உலகறிந்த அச்சொல், அதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வூரின் பெயராக வழங்கியது. இங்கே 107-ஆம் தெருவில், செங்கல் முகப்புக் கொண்ட எளிய வீடு ஒன்று உள்ளது. ஜாஸ் இசையின் பெருங்கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1943 முதல், 1971-இல் மறையும் வரை வாழ்ந்த வீடு அது. அரண்மனை போன்ற இல்லம் வாங்க வல்ல செல்வம் அவரிடம் இருந்தது. எனினும் அத்தெருவையே அவர் விரும்பினார். வாயிற்படியில் அமர்ந்து அயல்வீட்டுச் சிறுவரோடு அளவளாவினார். அன்று அத்தெருவில் இருந்தோர் பலர் இன்று இல்லை. அவர்களின் இடத்தில் வேறு நாட்டினர் குடியேறியுள்ளனர். வீடு இப்பொழுது அருங்காட்சியகமாக விளங்குகிறது.

நடப்பவர் மேலே நோக்கினால் போதாது. கீழேயும் நோக்குதல் வேண்டும். பல வீடுகளில் தரைமட்டத்திற்குச் சற்றே மேலே, முழங்கால் உயரத்தில், சிறு சாளரங்கள் தெரியும். அவை நிலவறைகளின் சாளரங்கள். வாடகை ஏற ஏற, வேறு வழியற்றோர் அவ்வறைகளில் குடியேறினர். அவற்றுட் பல அரசின் ஒப்புதல் பெறாதவை. 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இரவு, ஐடா என்னும் புயலின் எச்சம் பெருமழையாகப் பொழிந்தபோது, குவீன்ஸின் நிலவறை வீடுகளில் வெள்ளம் புகுந்தது. வெளியேற இயலாது பலர் மாண்டனர். அதற்கு முன்னாண்டு பரவிய பெருந்தொற்றின்போதும் ஜாக்சன் ஹைட்ஸ், எல்ம்ஹர்ஸ்ட், கொரோனா ஆகிய பகுதிகளே மிகுதியாக வருந்தின. வீட்டிலிருந்து செய்ய இயலாத தொழில்களைச் செய்வோர் அங்கே மிகுதி. ஒரே வீட்டில் பலர் நெருங்கி வாழ்வதும் மிகுதி. நகரம் அடைத்துக் கிடந்தபோதும் அவர்கள் ஏழாம் வண்டியில் ஏறிப் பணிக்குச் சென்றனர். உலகத்து உணவெல்லாம் ஒரே தெருவில் கிடைக்கிறது என்று மகிழ்வோர், அவ்வுணவைச் சமைப்பவர் எங்கே உறங்குகிறார் என்று கேட்பதில்லை. மேற்கே ஆற்றங்கரையில் கண்ணாடி மாடங்கள் ஆண்டுதோறும் உயர்கின்றன. பழைய குடிகளுக்கு வாடகை எட்டாமற்போகிறது. பன்மையைப் புகழ்ந்து விளம்பரம் செய்யும் நகரம், அப்பன்மையைப் படைத்த மக்கள் தங்கியிருக்க இடம் அளிக்கவில்லையாயின் அப்புகழ்ச்சி வெறுஞ்சொல்லே.

கொரோனாவை அடுத்து ஃபிளஷிங் மெடோஸ் என்னும் பெரும்பூங்கா. அது முன்னர் நகரத்து அடுப்புச் சாம்பலைக் கொட்டிய மேடு. 1939-ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சிக்காக அது சீர்செய்யப்பட்டது. அக்காட்சிக்கென எழுப்பிய மாளிகை ஒன்றிலேயே, 1946 முதல் 1950 வரை, ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை கூடியது. உலக நாடுகளின் தூதர்கள் குவீன்ஸில் கூடிக் கலைந்தனர். அந்நாடுகளின் மக்கள் பின்னர் வந்து கலையாமல் தங்கினர்.

வண்டி முடியும் ஃபிளஷிங்கில் சீனரும் கொரியரும் மிகுதி. மெயின் தெருவின் நெரிசலில் இருந்து சற்றே விலகினால் பவுன் தெரு என்னும் அமைதியான வீதி உண்டு. குவீன்ஸின் கதை அவ்வீதியில் அடங்கியிருக்கிறது எனலாம்.

டச்சுக்காரர் ஆண்ட காலத்தில், ஆளுநர் பீட்டர் ஸ்டைவெசன்ட் குவேக்கர் என்னும் சமயத்தாருக்கு இடங்கொடுத்தல் கூடாதென்று ஆணையிட்டார். 1657-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், ஃபிளஷிங் ஊரார் முப்பதின்மர் அவ்வாணைக்கு அடங்க இயலாதென்று எழுதிக் கையொப்பமிட்டனர். அவர்கள் பெரும்பாலும் குவேக்கர் அல்லர் என்பது கருதத்தக்கது. தமக்காக அன்றிப் பிறருக்காக அவர்கள் எழுதினர். யூதர், துருக்கியர் ஆகியோரையும் விலக்கலாகாது என்று அம்மடல் கூறிற்று. எழுதியதன் பயனாக ஊர்ப் பொறுப்பாளர் சிலர் சிறைப்பட்டனர். பின்னர் ஜான் பவுன் என்னும் குடியானவர் தம் வீட்டில் குவேக்கர்கள் கூடி வழிபட இடமளித்தார். 1662-இல் அவரைப் பிடித்து நாடு கடத்தினர். அவர் ஹாலந்து சென்று வணிகக் குழுவின் தலைவர்களிடம் முறையிட்டார். மக்களின் மனச்சான்றில் தலையிட வேண்டா என்று அவர்கள் 1663-இல் ஆளுநருக்கு எழுதினர். 1664-இல் பவுன் வீடு திரும்பினார். அவருடைய மரவீடு அத்தெருவில் இன்றும் நிற்கிறது.

குவீன்ஸின் கதவிலக்கங்கள் புதுமையானவை. '45-57' என்றால், 45-ஆம் குறுக்குச் சாலையை ஒட்டிய 57-ஆம் எண் என்று பொருள். பவுனின் வீட்டிலிருந்து தெற்கு நோக்கி அதே தெருவில் சீன, கொரிய மக்களின் இல்லங்களையும் வழிபாட்டிடங்களையும் கடந்து அவ்விலக்கம் வரை நடந்தால், தென்னாட்டு முறைக் கோபுரம் ஒன்று எதிர்ப்படும். அது மகா வல்லப கணபதி கோயில். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்து, ஐக்கிய நாடுகள் அவையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முதலியோரின் முயற்சியால் எழுந்த அக்கோயிலுக்கு, 1977-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் குடமுழுக்கு நடைபெற்றது. மரவீட்டிற்கும் கற்கோயிலுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். நடந்தால் இருபது நிமிடங்கூட ஆகாது.

கோயிலின் கீழ்த்தளத்தில் ஒரு சிற்றுண்டிச்சாலை உண்டு. அங்கே தோசை கிடைக்கும். விடுமுறை நாள்களில் வரிசை நீண்டிருக்கும். வழிபட வந்தவரோடு, வழிபாட்டை அறியாத அக்கம்பக்கத்தாரும் பசியோடு அவ்வரிசையில் நிற்பர்.