சடைப்பாண் சுட்டால் புட்டு மறந்துபோகுமா?

சுவிஸ்காரர் வீடுகளில் ஞாயிறு காலை மேசைக்கு ஒரு பாண் வரும். வெளியே பொன்னிறமாக மினுங்கும், உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும், முழுக்கப் பின்னல். அதன் பெயர் 'சொப்ஃப்'. ஜேர்மன் மொழியில் தலைமுடிச் சடைக்கும் அதே சொல்தான். சடைப்பாண் என்று சொன்னால் எங்களுக்கு வாய்க்குச் சுகம்.

1983க்குப் பிறகு இங்கே வந்த எங்கட ஆக்களில் பலர் உணவகக் குசினிகளில்தான் வேலையைத் தொடங்கினார்கள். இந்தப் பாணை வெட்டிக் கூடையில் அடுக்கி அனுப்பிய கைகள் அவை. ஆனால் வீட்டில் சுடுவம் என்றால் மட்டும், "உது வெள்ளையின்ர சாப்பாடு, பிள்ளையளுக்குப் பழக்கினால் பிறகு புட்டு, இடியப்பத்தைத் திரும்பியும் பாராதுகள்" என்று ஒரு கதை வரும். பிறந்தநாள் விழாக்களில் இதை எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

'பாண்' என்ற சொல்லே யாருடையது? 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்களே, அந்தப் போர்த்துக்கேயரின் சொல். அவர்களும் போனார்கள், பிறகு வந்தவர்களும் போனார்கள். பாண் மட்டும் நின்றது. எங்கட சனம் அதற்குச் சம்பலும் பருப்பும் சேர்த்துத் தங்களுடையதாக்கிவிட்டது. அதனால் புட்டு அழிந்தா போனது?

செய்முறை கஷ்டமில்லை. அரைக் கிலோ வெள்ளை மா, 60 கிராம் பட்டர், 3 டெசிலீற்றர் பால், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சீனி. கடையில் குளிர்பெட்டிக்குள் இருக்கும் 42 கிராம் ஈஸ்ட் கட்டியில் பாதி. பால் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், மா பொங்காது. பத்து நிமிடம் நன்றாக அடித்துக் குழைத்து, ஈரத்துணியால் மூடி, இரண்டு மடங்காகும்வரை விடவேண்டும். பிறகு இரண்டு நீளக் கயிறாக உருட்டி, சிலுவைபோல ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எதிரெதிர் நுனிகளை மாறிமாறிக் கடத்திக்கொண்டு போனால் பின்னல் வந்துவிடும். புதிதாகப் பழகுபவர்கள் மூன்று கயிறு வைத்துச் சாதாரணச் சடையாகவே பின்னலாம். இறுக்கிப் பின்னக்கூடாது. போறணைக்குள் பொங்கும்போது வெடித்துவிடும். முட்டை பூசி, 200 பாகையில் 35 நிமிடமளவில் சுட்டெடுக்கவேண்டும். அடியில் தட்டினால் வெற்றுப்பெட்டிச் சத்தம் கேட்கவேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விசயம். இந்த நாட்டில் கடிதம் வந்தால் எங்கட வீடுகளில் யார் வாசிக்கிறது? பிள்ளை. வைத்தியரிடம் போனால் யார் கதைக்கிறது? பிள்ளை. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில்கூடத் தன்னைப் பற்றி வாத்தியார் சொல்வதைத் தானே மொழிபெயர்க்கிறது. பன்னிரண்டு வயதில் அது வீட்டுக்குப் பெரிய மனுசர். அம்மா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறா. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று பிள்ளை நினைக்கத் தொடங்குவது இப்படித்தான். பிறகு தமிழிலே கதை என்றால் ஏன் கதைக்கப் போகிறது?

மா குழைக்கும்போது இந்தக் கணக்கு மாறும். செய்முறையைப் பிள்ளை ஜேர்மனில் வாசிக்கட்டும். ஆனால் மாவின் பதம் எழுத்தில் இல்லை. அப்பத்துக்குப் புளிக்க வைத்து, ரொட்டிக்குக் குழைத்த கைக்குத்தான் அது தெரியும். பின்னல் என்று வந்தால் கேட்கவே வேண்டாம். பெண் பிள்ளைகளுக்குக் காலமை காலமை சடை பின்னிவிட்ட கை, ஊரிலே பனையோலையில் பெட்டி இழைத்த கை. அந்த மேசையில் பிள்ளை வாசிக்கும், அம்மா படிப்பிப்பா. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தேவைப்படுவார்கள். கதையும் தானாகத் தமிழில் வரும்.

பண்பாடு அழிவது அடுத்தவனின் பாணைச் சுடுவதால் இல்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்ந்து செய்ய ஒரு வேலையும் இல்லாமல் போவதால்தான். வருகிற சனிக்கிழமை பின்னேரம் ஒருக்கால் சுட்டுப் பாருங்கள். அவர்கள் பட்டரும் தேனும் பூசிச் சாப்பிடுவார்கள். எங்களுக்கு அம்மியில் அரைத்த சம்பல் இல்லாவிட்டாலும் மிக்சியில் அடித்த சம்பல் இருக்கிறதுதானே!